தமாஸ்கஸ் கத்தி எவ்வூரது?

(இரண்டாம் ஆண்டு, தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் எழுதியது)

கத்தியின் கூர்மையை வினவுவோர் பலர். விலையை வினவுவோர் அவரினும் பலர். அது பிறந்த ஊரை வினவுவோர் மிகச் சிலரே. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் யானும் அவ்வினாவை எழுப்பாதோருள் ஒருவனாகவே இருந்தேன். மாட்சி மிக்க பொருள்களைப் பற்றி எழுதுவதற்கென அமைந்த நம் கலாசாலை இதழில், யான் ஒரு கத்தியைப் பற்றி எழுதப் புகுந்தமை நண்பர்களுக்கு நகைப்பை விளைக்கலாம். எனினும், கத்தியைப் பற்றிய இவ்வினா பெயரைப் பற்றிய வினாவாகவும், அது நீதியைப் பற்றிய வினாவாகவும் முடிதலை இறுதிவரை படிப்போர் காண்பர்.

நிகழ்ச்சி இது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பெரியம்மாள் மகன் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, என் தந்தையாருக்கு ஒரு கத்தி கொண்டுவந்தார். அலகு ஒரு சாண் நீளம்; அதன் முகமெங்கும் ஆற்றுநீர் மணலில் எழுதினாற்போன்ற அலைக்கோலம்; எலும்பும் சாயமேற்றிய மரமும் இணைத்த பிடி; தைத்த தோலுறை. உறையின்மேல் அமெரிக்க மலைநாட்டூர் ஒன்றை நினைப்பூட்டும் வணிகப்பெயர் பொறித்திருந்தது. "தமாஸ்கஸ் எஃகு, கையால் அடித்தது" என்று பெட்டி பறைசாற்றிற்று. செய்த நாடு யாதென்று அலகிலும் இல்லை, உறையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இணையக் கடையொன்றில் முப்பத்தைந்து டாலருக்கு வாங்கினாராம்.

"இவ்வளவு வேலைப்பாடு இவ்வளவு மலிவாக எப்படி வந்தது, அண்ணா?" என்றேன். "அதெல்லாம் கேட்காதே, தம்பி, கிடைத்தது நம் அதிர்ஷ்டம்" என்றார் அவர்.

பிடியின் பித்தளையாணி ஒன்று தளர்ந்திருந்தது. அதனை இறுக்குவதற்காக எங்களூர்க் கொல்லரிடம் கத்தியைக் கொண்டு சென்றேன். அவர் லாரியின் வில்லுப்பட்டையில் அரிவாள் அடித்துத் தருபவர். தாம் அடித்த ஒவ்வொரு அரிவாளிலும் மூன்று சிறு புள்ளிகளை முத்திரையாக இடுபவர். கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அதன் முதுகை வெயிலில் பிடித்து நோக்கினார், பின்னர், "தம்பி, இது கை பழகினவன் அடித்த இரும்பு. பட்டை போட்டு, மடித்து, மறுபடியும் பட்டை போட்டிருக்கிறான். இவ்வளவு பாடுபட்டவன் தன் முத்திரையை ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டார். யான் விடை கூற இயலாது நின்றேன். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

முதற்கண் தமாஸ்கஸ் என்னும் பெயரை ஆராய்வோம். தமாஸ்கஸ் சிரியா நாட்டின் தொன்னகரம். மேனாட்டார் நீரோட்டக் கோலமுடைய வாள்களைக் கிழக்கு நாடுகளிற் கண்டு, அவற்றிற்கு இப்பெயரிட்டனர். அந்நகரின் பெயரால் வந்தது என்பாரும், அந்நகரின் பெயர்பெற்ற தமாஸ்க் என்னும் கோலப்பட்டினை ஒத்தமையால் வந்தது என்பாரும் உளர். எங்ஙனமாயினும், அவ்வாள்களுக்கு உயிராய் அமைந்த எஃகு தமாஸ்கஸில் விளைந்ததன்று. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கட்டிகளாகச் சென்றது.

அவ்வெஃகை மேனாட்டார் 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்ற சொல்லின் சிதைவே அஃது என்பர் அறிஞர். நம் 'உருக்கு' என்ற சொல்லும் அதற்கு உறவினது. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் இட்டு, மண்மூசையில் அடைத்து வாய்பூசி, உலையிற் பன்னேரம் ஊதி உருக்கி, மெல்ல ஆறவிட்டுக் கட்டியாக எடுப்பது அதன் முறை. தெலுங்கானத்தில் நிஜாமாபாத்தைச் சார்ந்த கோனசமுத்திரம், தென்னார்க்காட்டைச் சார்ந்த மேல்சிறுவளூர் முதலிய ஊர்களில் அத்தொழில் நடந்ததற்கு மூசைச் சிதைவுகளே இன்று சான்றாகக் கிடக்கின்றன. கோனசமுத்திரத்துக் கட்டிகளை வாங்கப் பாரசீக வணிகர் நேரில் வந்தனர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலோ, சங்க காலத்திலேயே இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

1795 ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்பார் இவ்வெஃகின் இயல்பை லண்டன் ராயல் சங்கத்தில் விரித்துரைத்தார். பின்னர் மைக்கேல் பாரடே முதலிய பேரறிஞரும் இதனைப் போலச் செய்ய முயன்றனர். 19 ஆம் நூற்றாண்டிற்குள் வாளின் கோலத்தை எழுப்பும் கலை மறைந்தது. வெர்ஹோவன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் பெண்ட்ரே என்னும் கொல்லரும் 1990-களில் கூடியாராய்ந்து, கனியத்தில் சிற்றளவாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே அக்கோலத்திற்குத் துணை என்று காட்டினர்.

இனி, இன்று தமாஸ்கஸ் என்று விற்கப்படுவது யாது? அது முற்றும் வேறொரு பொருள். இருவகை எஃகுப் பட்டைகளை மாறிமாறி அடுக்கி, உலையிற் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, நீட்டி மடித்து, மீண்டும் ஒட்டுவது இம்முறை. எட்டு அடுக்கில் தொடங்கி ஐந்து முறை மடித்தால் 256 அடுக்கு ஆகும். பெட்டியில் பெருமையாக அச்சிடும் எண்களின் மறை இவ்வளவே. 1095 என்னும் எண்ணால் வழங்கும் கரி மிகுந்த எஃகும், 15என்20 என்னும் நிக்கல் கலந்த எஃகும் இதற்குப் பெரிதும் வழங்கும் இணை. அலகை மெருகிட்டுப் பெரிக் குளோரைடு நீரில் தோய்த்தால், முன்னது கருக்கும். நிக்கல் உடையது அமிலத்தைப் பொறுத்து வெண்மையாய் நிற்கும். இடையே கோலம் தோன்றும். 19 ஆம் நூற்றாண்டில் துப்பாக்கிக் குழல்களுக்கு இத்தகைய ஒட்டெஃகு தமாஸ்கஸ் என்ற பெயரோடு வழங்கிற்று. இன்றைய கத்தியுலகில் இதனைப் பரப்பியவர் வில்லியம் மோரன் என்னும் அமெரிக்கக் கொல்லர்; அவர் 1973 ஆம் ஆண்டுக் கத்திக் கண்காட்சியில் இத்தகைய கத்திகளை வைத்த பின்னரே இப்பெயர் ஆங்குப் பெருவழக்காயிற்று. ஒட்டெஃகு இழிந்ததன்று, வல்லார் கையில் அது நல்ல கத்தியே ஆகும். ஆயினும் மூசையெஃகின் புகழை ஒட்டெஃகின்மேல் ஏற்றுவது ஒரு மயக்கம் என்பதை மறத்தலாகாது.

அம்மயக்கத்தோடு அமையாது, இரண்டாம் மயக்கமும் பிறந்திருக்கிறது. மலிவான தமாஸ்கஸ் வேட்டைக் கத்திகளின் பெரும்பகுதி எங்கே பிறக்கின்றது? பாகிஸ்தானின் பஞ்சாபில், செனாப் ஆற்றை அடுத்த வசீராபாத் என்னும் நகரிலும் அதன் சுற்றூர்களிலும் பிறக்கின்றது. வசீராபாத்தும் அதனை அடுத்த நிஜாமாபாத்தும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே கத்தித் தொழிலுக்குப் பேர்போனவை. ஒரு நிஜாமாபாத்தின் எஃகுக் கட்டிகள் தமாஸ்கஸின் பெயரில் மறைந்தன. மற்றொரு நிஜாமாபாத்தின் கத்திகள் இன்று அதே பெயரில் மறைகின்றன. பெயரொற்றுமை தற்செயலே, ஊழொற்றுமை அவ்வாறன்று.

அடுக்களைக் கத்திகளின் வரலாறு வேறு. அவற்றுள் மலிவானவை பெரும்பாலும் சீனத்துக் குவாங்டுங் மாகாணத்தின் யாங்ஜியாங் நகரிலிருந்து வருகின்றன. ஜப்பானியம் போல் ஒலிக்கும் பெயரும் சித்திர எழுத்தும் தாங்கி, '67 அடுக்கு' என்று அவை விளம்பரம் பெறும். நடுவில் வெட்டுதற்குரிய கடிய எஃகு ஒன்று. இருபுறமும் கோலத்திற்காக முப்பத்து மூன்று அடுக்கு. ஆகக் கூடி 67. இவற்றில் வெட்டுவது நடுத்தகடு. கோலம் வெறும் போர்வை. இவற்றினும் கீழானவையும் உள: ஒற்றை எஃகின்மேல் ஒளிக்கதிராலோ அமிலத்தாலோ கோலத்தை அச்சிட்டவை. அவற்றில் அடுக்கே இல்லை.

வாங்குவோர் இவற்றைப் பிரித்தறிதல் எங்ஙனம்? முதலாவது, கத்தியின் முதுகைப் பார்க்க. முகத்திலுள்ள வரிகள் முதுகிலும் தொடர்ந்து ஓடின் அடுக்கு மெய். முதுகு வெறுமையாயின் ஐயுறுக. இரண்டாவது, சிறிதிடத்தை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் அமிலத்தில் தோய்க்க. மெய்க்கோலம் திரும்பத் தோன்றும், அச்சுக்கோலம் அழிந்தொழியும். மூன்றாவது, அலகு முழுவதும், பிடிக்குள் நுழையும் வால்வரைக்கும், விளிம்புவரைக்கும் ஒரே கோலமாயின் அஃது ஒட்டெஃகு; விளிம்பில் மட்டும் கோலமற்ற பட்டை தெரியின் அது போர்த்திய வகை. நான்காவது, ஒரே வடிவும், ஒரே அரவேலைப்பாடும், ஒரே பிடியும் உடைய கத்தி பத்து வணிகப்பெயரில் விற்கப்படுமாயின், அப்பத்துப் பெயரும் செய்தவர் பெயரல்ல என்று துணிக. ஐந்தாவது, விலையைக் கணக்கிடுக. எஃகு, உலைக்கு எரிபொருள், மெருகுப்பட்டை, பிடி, தோல், கப்பற்கூலி, கடைக்காரர் ஆதாயம், விளம்பரம் என்பவற்றை முப்பத்தைந்து டாலரினின்று கழித்தால் கொல்லர் கூலிக்கு எஞ்சுவது யாது? அமெரிக்கக் கொல்லர் ஒருவர் அக்கூலிக்கு உலையை மூட்டவும் எழார்.

இவ்வளவைகளை எங்கள் கத்தியின்மேல் இட்டுப் பார்த்தேன். முதுகில் வரி ஓடிற்று, வால்வரை ஒரே கோலம், ஒட்டு மெய். தோலுறையின் நுனியில் அதன் வடிவு குலையாதிருக்கத் திணித்திருந்த கசங்கிய தாளைப் பிரித்தேன். உருதுச் செய்தித்தாளின் துண்டு. உருது பயின்ற விடுதி நண்பர் அதில் ஒரு விளம்பரத்தின் முகவரியைப் படித்தார்: குஜ்ரான்வாலா. வசீராபாத்திற்கு அண்மைய பெருநகர் அது. பெட்டியும் உறையும் மறைத்ததைப் பழந்தாள் ஒன்று உரைத்துவிட்டது.

பிறந்த நாட்டை மறைத்தல் சட்டத்திற்கும் மாறு. 1930 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம் 304 ஆம் பிரிவில், இறக்குமதியாகும் பொருள் தன் நாட்டின் பெயரைத் தாங்குமாறு பணிக்கின்றது. கத்திக்கோ விதி இன்னும் கடுமையானது. தாளில் ஒட்டினாற் போதாது. பொருளிலேயே அழுத்தியோ, அரித்தோ, செதுக்கியோ, தகடு பொருத்தியோ காட்டுதல் வேண்டும். நம் நாட்டிலும் 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்போர் பிறந்த நாட்டைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கின்றன. இக்கவலை பழையதே. ஜெர்மானியக் கத்திகள் ஷெபீல்டின் பெயரைத் திருடி விற்கப்படுகின்றன என்று முறையிட்டமை 1887 ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக்குறிச் சட்டத்திற்கு ஒரு காரணம். அப்பழிக்கு இலக்கான ஜெர்மனியின் சோலிங்கன் நகரமே, 1938 ஆம் ஆண்டில் தன் பெயரைப் பிறர் திருடாதவாறு தனிச்சட்டம் பெற்றது! அடுத்தவன் பெயரில் வாழ்ந்தவனும் தன் பெயர் வளர்ந்தபின் அதன் அருமையை அறிகின்றான்.

இதற்கு மறுப்பு இருவகையாகக் கூறப்படும். "வெட்டுகின்றதா? வெட்டினாற் போதும், ஊர் எதுவாயின் என்?" என்பது ஒன்று. பெயரற்ற பொருளுக்குப் பொறுப்பாளி இல்லை. எஃகு இன்னதென்று சொல்லுவாரில்லை. பதம் சரியாக ஏற்றினரா என்று கேட்க ஆளில்லை. அலகு ஒடிந்தால் சென்று நிற்க வாசலில்லை. முத்திரை என்பது பெருமைக்கு மட்டும் இடுவதன்று. "குறையிருப்பின் என்னிடம் வருக" என்று எழுதிக்கொடுக்கும் முறியும் அதுவே.

இரண்டாவது மறுப்பு வலிமை மிக்கது. "பாகிஸ்தானத்தது என்று எழுதினால் அமெரிக்கர் வாங்கார்; மறைப்பதாலேயே அக்கொல்லர் பிழைக்கின்றனர்; பெயரைக் கேட்கும் நீர் அவர்தம் சோற்றில் மண்ணிடுகின்றீர்" என்பர். இதனை யான் பன்னாள் எண்ணிப் பார்த்தேன். எண்ணிய பின் தெளிந்தது இது: நல்ல கத்தி வசீராபாத்திலிருந்து வந்தால் புகழ் அமெரிக்க வணிகப்பெயருக்குச் சேர்கின்றது, தீய கத்தி வந்தால், "பாகிஸ்தானத்துக் குப்பை" என்று பழிமட்டும் ஊரைத் தேடிச் செல்கின்றது. நன்மை வெளியேறவும் தீமை உட்புகவும் மட்டும் திறக்கும் கதவு ஒன்றை அவ்வூருக்கு வைத்துவிட்டனர் வணிகர். இந்நிலையில் ஆண்டு நூறு கழியினும் அவ்வூரின் பெயர் உயருமாறு எங்ஙனம்? பெயர் உயராதவரை கூலி உயருமாறு எங்ஙனம்? மறைப்பு இன்றைய சோற்றைத் தருகின்றதென்று கொண்டாலும், நாளைய சோற்றை அதுவே பறிக்கின்றது.

வசீராபாத்திற்கு அண்மையிலுள்ள சியால்கோட்டின் நிலையும் இதற்குச் சான்று. அங்கே மிஷன் மருத்துவமனையின் அறுவைக் கருவிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிய கொல்லர் கைவண்ணமே பெருந்தொழிலாய் வளர்ந்தது என்பர். இன்று உலகெங்கும் மருத்துவர் கையாளும் கத்தரிகளும் இடுக்கிகளும் அவ்வூரிலிருந்து செல்கின்றன. அவற்றுட் பல ஜெர்மனியின் டுட்லிங்கன் நகர் வழியே சென்று, அங்குள்ளோர் பெயரைத் தாங்கிக்கொள்கின்றன. நோயாளியின் உயிரை நம்பி ஒப்படைக்கத்தக்க கருவியைச் செய்யும் கை, தன் பெயரை மட்டும் அதன்மேல் எழுதத் தகாததோ?

ஈண்டு நம்மவர்க்கும் ஒரு சொல். கொல்லத் தெருவில் ஊசி விற்றல் என்பது நம் பழமொழி. தமாஸ்கஸுக்கு எஃகு அனுப்பிய நாட்டினராகிய நமக்கே தமாஸ்கஸ் கத்தி பரிசாய் வருதல் அதனினும் வேடிக்கை. ஆயினும், "எல்லாம் நம் முன்னோரே கண்டனர்" என்று மேடையில் முழங்குவதோடு அமைதல் எனக்கு உடன்பாடன்று. மேல்சிறுவளூரில் மூசை ஊதிய ஒருவரது பெயரேனும் நாம் அறிவோமா? அவர்களை மறந்தது சிரியா அன்று, நாமே. இன்றும் நம் வீட்டு அரிவாளை அடித்தவர் யார் என்று நம்முள் எத்துணைபேர் கூறவல்லோம்? தன் ஊர்க் கொல்லன் பெயரறியாதவன் வசீராபாத்துக் கொல்லனுக்காகக் கண்ணீர் வடித்தல் எளிது. அக்கண்ணீருக்கு விலையும் இல்லை.

ஆகலின் யான் வேண்டுவது பெரிதன்று. வாங்குமுன், "இஃது எங்கே செய்தது?" என்று ஒரு வினா எழுப்புக. விடை வாராதாயின் வாங்காது விடுக. "வசீராபாத்" என்று நேராக எழுதி விற்பவர் கிடைப்பின், சிறிது கூடுதல் விலையாயினும் அவரிடமே வாங்குக. மலிவு குற்றமன்று, மறைப்பே குற்றம். அம்மறைப்பிற்கு விற்பவன் ஒரு கை கொடுத்தால், வினவாது வாங்குபவன் மறு கை கொடுக்கின்றான். என் அண்ணனுக்கும் இதனைச் சொன்னேன். அவர் முதலில் நகைத்தார். பின்னர் அந்தக் கடைக்குக் கடிதம் எழுதிக் கத்தி செய்த ஊரைக் கேட்டார். இன்றளவும் மறுமொழி வரவில்லை.

பிடியைச் செப்பனிட்டுத் தந்த நாளில், எங்களூர்க் கொல்லரிடம் யான் விளையாட்டாக, "ஆணி நீங்கள் அடித்ததாயிற்றே, உங்கள் மூன்று புள்ளியை இதில் வைத்துவிடுங்கள்" என்றேன். அவர் கத்தியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஆணிக்குக் கூலி வாங்கிக்கொண்டேன், தம்பி. ஊரான் அடித்த இரும்பில் என் புள்ளி வைத்தால் அது களவு" என்றார்.